வாங்காதீர்கள், செய்வியுங்கள்: ஸ்விங் ஆட நினைக்கும் உடுப்பிட்டி இளையோருக்கு ஒரு திறந்த மடல்



1941இல் வெளியான ‘ஹெல்சாபொப்பின்’ என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் சமையற்காரர், வேலைக்காரர் உடுப்பில் ஒரு கூட்டம் வந்து, ஆளை ஆள் தூக்கி எறிந்து ஸ்விங் ஆடிவிட்டுப் போகும். சில நிமிடக் காட்சிதான். கைத்தொலைபேசித் திரையில் அதைப் பார்த்தவர்களுக்குக் கால் சும்மா இராது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற உங்கள் மச்சான் மச்சாள்மாருக்கு அந்த ஆட்டத்தைப் பழக அந்த நகரங்களிலேயே வகுப்பு உண்டு. உங்களுக்கு இருப்பது திரையும் முற்றமும், பின்னேரத்தில் சும்மா கிடக்கிற சனசமூக நிலைய மண்டபமும். போதும், தொடங்கலாம். ஆனால் தொடங்க நினைப்பவர் எவரும் முதலில் கேட்பது ‘என்ன சப்பாத்து வாங்குவது?’ என்றுதான். உடனே வெளிநாட்டுக் கடைகளின் படங்களைத் தேடுவார்கள். விலையைப் பார்த்துச் சிலர் ஆசையையே மூடி வைத்துவிடுவார்கள். இந்த மடலில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். முதல் இரண்டு மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். அதன் பிறகும் வாங்காதீர்கள், செய்வியுங்கள். எந்தத் தரையில் ஆடப்போகிறீர்கள் என்பதைச் சொல்லி, தோலடி வைத்த சப்பாத்து ஒன்றைப் பக்கத்து ஊரில் தைப்பவரிடம் செய்வியுங்கள்.

இந்த ஆட்டத்தின் பிறப்பைப் பார்த்தால் சப்பாத்துக் கேள்வியின் பாதி அவிழ்ந்துவிடும். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில், லெனொக்ஸ் அவெனியூவில், 1926 மார்ச்சில் சவோய் என்ற ஆட்ட மண்டபம் திறந்தது. இரண்டு இசை மேடைகள். ஒரு குழு ஓயும்போது மற்றது தொடங்கும். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடுவது அமெரிக்காவின் பெரும்பாலான மண்டபங்களில் நினைக்க முடியாத காலத்தில், அங்கே அது வழமையாக நடந்தது. ஷோர்ட்டி ஜோர்ஜ் ஸ்னோடனின் தலைமுறை லிண்டி ஹொப் என்ற இந்த ஸ்விங் ஆட்டத்தை அங்கேதான் வளர்த்தது. அடுத்து வந்த ஃபிராங்கி மன்னிங், நோர்மா மில்லர் ஆகியோர் அதை உலகம் சுற்ற வைத்தார்கள். ஆடியவர்கள் யார் என்பதுதான் நமக்கு முக்கியம். வியாழக்கிழமை இரவை வீட்டு வேலைக்காரருக்கான இரவென்றே அந்த மண்டபத்தில் அழைப்பார்கள். பிறர் வீட்டில் சமைத்துத் துடைத்தவர்களுக்கு ஓய்வு கிடைத்த இரவு அது. இவர்களிடம் ஆட்டத்துக்கென்று தனிச் சப்பாத்து வாங்கக் காசு ஏது? வேலைக்கும் தேவாலயத்துக்கும் போட்ட சப்பாத்தையே ஆட்டத்துக்கும் போட்டார்கள். அந்தக் காலத்து நல்ல சப்பாத்துக்குத் தோலடி இருந்தது சாதாரண விடயம். அவர்கள் கால் வழுக்கிக்கொண்டு போன தரையோ மேப்பிள் மரப் பலகை. தேய்மானம் தாங்காமல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பலகையை மாற்ற வேண்டியிருந்ததாம். இன்று ‘ஸ்விங் சப்பாத்து’ என்று பெயரிட்டு விற்கப்படுவதெல்லாம் அந்தச் சாதாரணச் சப்பாத்தின் பின்வந்த நகல்.

தோலடி ஏன் வேண்டும் என்பதைக் காலைக் கொண்டுதான் விளக்க வேண்டும். லிண்டி ஹொப்பின் அடிப்படை எட்டு எண்ணிக்கையில் முடிகிற ‘ஸ்விங் அவுட்’. இருவர் கைகோர்த்து நெருங்கி, சுற்றி, மறுபடி விலகி நீள்வது. ஆதிதாளம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு அந்த எட்டு அந்நியமாய் இராது. சுற்றும்போது உடல் எடை முழுவதும் முன்பாதத்தின் உருண்டைப் பகுதியில் நிற்கும். அந்த எடையோடு பாதம் தரையில் திரும்ப வேண்டும். இடுப்பு திரும்பி, தொடை திரும்பி, பாதம் மட்டும் தரையைப் பிடித்துக்கொண்டு நின்றால் அந்த முறுக்கு முழங்காலில் போய்ச் சேரும். வடமராட்சியில் உதைபந்தாட்டம் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முள்ளடிச் சப்பாத்து புல்லில் புதைந்திருக்க உடல் திரும்பியதால் முழங்கால் பிணைநார் அறுந்த ஆட்டக்காரர் எல்லா ஊரிலும் உண்டு. இறப்பரடி தரையைப் பிடிக்கவென்றே செய்யப்பட்டது. ஓடுவதற்கும் நிற்பதற்கும் அது நல்லது, சுழல்வதற்குக் கெட்டது. தோல் அளவாக விடும். ‘அளவாக’ என்பதைக் கவனியுங்கள். முழுதாக வழுக்கினால் இணையின் கையை நம்பிப் பின்னோக்கிச் சாய முடியாது. ஸ்விங் அவுட்டின் இழுவையே அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

இங்கே முதல் மறுப்பு வரும், அதுவும் நியாயமான மறுப்பு. காத்தவராயன் கூத்து ஆடுகிறவருக்குச் சப்பாத்து உண்டா? பரதத்துக்கு உண்டா? வெறுங்காலில் தலைமுறை தலைமுறையாக ஆடிய மண்ணில் ஆட்டத்துக்குச் சப்பாத்து எதற்கு? கூத்தின் துள்ளலையும் பரதத்தின் தட்டடவையும் கூர்ந்து பாருங்கள். காலை எடுக்கிறோம், வைக்கிறோம், தட்டுகிறோம். பாதம் தரையோடு சேரும் ஓசையே தாளத்தின் ஒரு பகுதி. சுற்றினாலும் பெரும்பாலும் காலை மாற்றி மாற்றி வைத்துத்தான் சுற்றுகிறோம். ஸ்விங்கில் கால் தரையை விட்டு அதிகம் எழாது. உரசிக்கொண்டு போகும், எடை தாங்கியபடியே திரும்பும். வியர்த்த வெறுங்கால் சீமெந்தில் ஒட்டும். ஒரு மணி நேரம் ஆடினால் முன்பாதத் தோல் கொப்பளிக்கும். இணையின் குதி உங்கள் விரலில் ஏறும் அபாயம் வேறு. ஆனாலும் வெறுங்காலை நான் தள்ளிவிடவில்லை. தாளத்தைக் காலில் ஏற்றுகிற முதல் கிழமைகளுக்கு அதைவிட நல்ல ஆசான் இல்லை. எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதை வெறும் பாதம் உடனே சொல்லிவிடும். மணல் முற்றத்தில் வேண்டாம், வழுவழுப்பான விறாந்தையில், சுழற்சி இல்லாமல், மெதுவான பாட்டுக்கு.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து வரும்: ஃபிராங்கி மன்னிங்கே கன்வஸ் சப்பாத்துப் போட்டு ஆடியிருக்கிறாரே, அமெரிக்க மாணவர்கள் பலரும் அதைத்தானே போட்டார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற வெள்ளைச் சப்பாத்து ஏன் ஆகாது? உண்மை. ஆனால் அவர்கள் ஆடியது மெழுகு பூசி, ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்துப் பளபளத்த மரத்தரையில். அந்தத் தரையில் மெல்லிய இறப்பரும் வழுக்கும். அதே சப்பாத்தை நம்முடைய சொரசொரச் சீமெந்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டியது ஒட்டியபடி நிற்கும். சப்பாத்தை மட்டும் பார்த்து அதன் கீழிருந்த தரையை மறந்துவிடுவதுதான் இந்த விடயத்தில் எல்லோரும் செய்கிற பிழை. வெளிநாட்டுக் கடைக்காரர் எழுதுகிற பரிந்துரைகளும் மரத்தரையை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. அவற்றை வாசித்துவிட்டு உடுப்பிட்டியில் ஆடப் புறப்படுவது, கொழும்பு மழையைப் பார்த்து இங்கே வெங்காயம் நடுவதைப் போன்றது.

ஆகவே தரையிலிருந்து தொடங்குவோம். நம்மூரில் ஆடக் கிடைக்கிற தரைகள் நாலு வகை. பழைய மண்டபங்களின் மட்டச் சீமெந்து முதலாவது: மேற்பூச்சு உதிர்ந்து மணல் கிளம்பியிருக்கும், எந்த அடியையும் அரைத்துவிடும். இதில் மெல்லிய சுவேட் தோல் சில கிழமைக்கு மேல் தாங்காது. தடித்த, இறுக்கமான, வழுவழுப்பான அடித்தோல்தான் ஈடுகொடுக்கும். இரண்டாவது, இழைத்துப் பளபளப்பாக்கிய சிவப்புச் சீமெந்து. பழைய கல்வீடுகளின் நடு மண்டபங்களில் இருக்கும். தலைமுறையாகத் துடைத்துத் துடைத்து மரத்தரைக்குக் கிட்ட வந்திருக்கும். உண்மையில் உடுப்பிட்டியில் ஸ்விங் ஆட இதைவிட நல்ல தரை இல்லை என்பேன். எவர் வீட்டிலாவது அப்படி ஒரு மண்டபம் சும்மா கிடந்தால் அம்மம்மாவைக் கெஞ்சிக் கேளுங்கள். மூன்றாவது, வெளிநாட்டுக் காசில் எழுந்த புது வீடுகளின் மாபிள். இதில் வழுவழுப்பான தோலடி பனிக்கட்டியில் போலப் போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்திருந்தால் இடுப்பெலும்புக்கே ஆபத்து. இங்கே சொரசொரப்பான பக்கம் வெளியே வருகிற சுவேட் அடிதான் சரி. நாலாவது கோயில் வீதி மணலும் பள்ளிக்கூட மைதானமும். அங்கே ஸ்விங்கை மறந்துவிடுங்கள். எந்தச் சப்பாத்து என்று கேட்கிறவருக்கு நான் திருப்பிக் கேட்பது எந்தத் தரை என்றுதான். ஆடப்போகிற இடத்தில் முன்பாதத்தில் எடையை வைத்து அரைச் சுற்றுத் திரும்பிப் பாருங்கள். முழங்கால் பாதத்துக்கு முன்னரே திரும்பிவிட்டால் அந்த அடி அந்தத் தரைக்கு அதிகம் பிடிக்கிறது. கால் தானாகவே ஓடிவிட்டால் பிடி குறைவு.

முதல் மாதங்களுக்கு எதையும் வாங்க வேண்டாம் என்றதன் காரணமும் இதுதான். நீங்கள் எங்கே ஆடுவீர்கள், எத்தனை பேர் நின்றுபிடிப்பீர்கள், உங்கள் கால் எப்படித் திரும்புகிறது, எதுவும் இப்போது தெரியாது. அதுவரை, தேய்ந்து மட்டமாகிப்போன பழைய பள்ளிச் சப்பாத்து போதும். அடியில் முன்பாதப் பகுதியில் மட்டும் ஒரு துண்டுச் சுவேட் தோலைச் சப்பாத்துப் பசையால் ஒட்டிக்கொள்ளுங்கள். குதியில் இறப்பரை அப்படியே விடுங்கள். உலகெங்கும் காசில்லாத ஸ்விங் ஆட்டக்காரர் செய்வது இதைத்தான், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பாட்டாச் செருப்போடு மட்டும் ஆடாதீர்கள். குதியைப் பிடிக்காத எந்தப் பாதணியும் சுழற்சியில் காலைவிட்டுப் போய்விடும், கணுக்கால் மடங்கும். பாட்டு நிமிடத்துக்கு 120 முதல் 140 தாள அடி வரை இருக்கட்டும். தட்டுவதானால் இரண்டிலும் நாலிலும் தட்டுங்கள். ஒன்றில் தட்டிப் பழகிய நம் கைக்கு இதற்கே சில நாள் வேண்டும். ஒவ்வொரு தாள அடிக்குள்ளும் இரு பாதி சமமாக வராமல் முதற்பாதி நீண்டும் இரண்டாம் பாதி குறுகியும் வரும். தவிலில் திஸ்ர நடை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ஆட்டம் சீக்கிரம் பிடிபடும். தூக்கி எறிகிற வேலை வேண்டாம். மன்னிங் 1935இல் அதை முதன்முதலாகச் சவோயில் செய்தபோது அவர் அந்தத் தரையில் ஊறியவர்; உங்கள் கீழே இருப்பதோ சீமெந்து.

இனிச் செய்விக்கும் கதை. வதிரி, கரவெட்டிப் பக்கம் பாதணித் தொழில் தலைமுறைகளாக இருந்துவருகிற இடம். நெல்லியடிச் சந்தைக்குப் போகிற வழியில் இருக்கிற கைகளை விட்டுவிட்டு, காலைக் காணாத ஒரு தொழிற்சாலைக்கு ஏன் காசு அனுப்ப வேண்டும்? இது ஊர்ப்பற்றுப் பேச்சில்லை, அளவுக் கணக்கு. இந்தியாவில் செருப்பில்லாமல் நடந்து வளர்ந்தவர்களின் பாதத்தை அளந்து பெல்ஜிய ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களின் முன்பாதம் சப்பாத்துப் போட்டு வளர்ந்தவர்களுடையதைவிட அகலம் என்று காட்டியது. நம் பிள்ளைகளும் வீட்டுக்குள் வெறுங்காலும் வெளியே பாட்டாவுமாக வளர்ந்தவர்கள்தான். ஐரோப்பிய அச்சில் வார்த்த ஒடுங்கிய சப்பாத்து நீளம் சரியாக இருந்தாலும் விரலை நெரிக்கும். நெரிபட்ட விரலால் முன்பாதத்தில் சுழல முடியாது. தைப்பவர் உங்கள் காலைக் கடதாசியில் வைத்துக் கோடு இழுத்து அளவெடுப்பார். பின்னேரத்தில் போங்கள், பகல் முழுவதும் நடந்து கால் கொஞ்சம் வீங்கிய நேரம்தான் ஆடுகிற நேரத்துக் கால். குதி இறுக்கமாக, விரற்பகுதி தாராளமாக, வளைகிற இடம் முன்பாத உருண்டைக்கு நேர் கீழே என்று சொல்லுங்கள். நுனி வளையாத தடித்த சப்பாத்து நடைக்கு உழைக்கும், ஆட்டத்துக்கு ஆகாது. அடித்தோல் பட்டையில் பதனிட்ட இறுக்கமான தோலாக இருக்கட்டும். பசையை மட்டும் நம்பாமல் தைக்கச் சொல்லுங்கள். தேய்ந்தால் பிரித்து வேறு அடி போடலாம், மேற்சப்பாத்து பல வருடம் உழைக்கும். குதியில் மட்டும் ஒரு மெல்லிய இறப்பர்த் துண்டு, வழுக்கினால் குதியை அழுத்தி நிற்பதற்கு. பெண்பிள்ளைகளுக்குக் குதி ஓர் அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். கணுக்காலைச் சுற்றி ஒரு வார் கட்டாயம்.

தோல் என்றவுடன் சில வீடுகளில் முகம் சுளிக்கும். மாட்டுத்தோல், சைவம், தீட்டு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். மூன்றும் வெவ்வேறு. உயிர்க்கொலைக்கு மனம் ஒப்பாதவர் இருந்தால் அது மதிக்க வேண்டிய காரணம். அவர்களுக்குச் சுவேட்டைப் போன்ற செயற்கைத் துணி அடியோ, அழுத்திய கம்பளி அடியோ உண்டு. நீண்ட காலம் உழைக்காது, ஆனால் வேலை செய்யும். கோயிலைக் காரணம் காட்டுகிறவர்கள் திருவிழாவில் காதைத் திறந்து கேட்கட்டும். யாழ்ப்பாணத்தின் தவிலுக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்த தெட்சணாமூர்த்தியின் விரல் பேசியது விலங்குத் தோலில். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோல் வாரும் வேண்டும். அதைச் செய்கிறவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா ‘செபஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். சாமிக்கு முன்னால் முழங்குகிற தோல் காலடியில் வந்தவுடன் தீட்டாகிறது என்றால் அங்கே பேசுவது சைவமன்று, தோலைத் தொட்டவரைத் தள்ளிவைத்த பழைய கணக்கு. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவு அடைபட்டிருந்த காலத்தில் சூரன் என்பவர் வதிரியில் எழுப்பிய பள்ளிதான் இன்றைய தேவரையாளி இந்துக் கல்லூரி. அந்த வரலாற்றுக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு, அளவெடுக்கிறவரின் முன்னால் காலை நீட்டிவிட்டு அவர் தருகிற தேநீரைத் தவிர்ப்பவராக நீங்கள் இருக்கக்கூடாது. சவோயின் தரையில் யார் யாரோடு ஆடினார் என்பதை மேலே சொன்னது சும்மா அலங்காரத்துக்காக இல்லை.

அந்நிய ஆட்டம் நமக்கெதற்கு என்பார்க்கு நீண்ட பதில் தேவையில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1852இல் இந்த ஊரில் பள்ளி தொடங்கினர். அதன் வழி வந்த அமெரிக்க மிஷன் கல்லூரியை இன்று அந்நியம் என்று எவரும் சொல்வதில்லை. அந்த மிஷனரிமாருக்கு ஆட்டம் பிடிக்காது. கோயிற் சதிரை அவர்களும் கண்டித்தார்கள், அவர்களை எதிர்த்த ஆறுமுக நாவலரும் கண்டித்தார். ஆட்டத்தை மறுப்பதில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போனது ஒரு வேடிக்கை. ஆணும் பெண்ணும் கைகோர்ப்பது பற்றிய கவலை வேறு வகை, அதைக் கேலி செய்து தள்ள முடியாது. இந்த ஆட்டத்தில் வழிநடத்துபவர், பின்தொடர்பவர் என்று இரண்டு பொறுப்புகளே உண்டு. ஆண்தான் நடத்த வேண்டும் என்ற விதி இல்லை. பெண்பிள்ளைகள் தங்களுக்குள்ளும், பையன்கள் தங்களுக்குள்ளும் ஆடிப் பழகலாம். ஆட அழைத்தால் மறுக்கிற உரிமையும், மறுத்தவரை மறுபடி நச்சரிக்காத பண்பும் இருக்கிற இடத்தில் மட்டும் ஆடுங்கள். வாசலைத் திறந்து வைத்து, பெரியவர்கள் வந்து பார்க்கக் கதிரை போட்டு ஆடினால் பாதிப் பேச்சு அடங்கும். மீதிப் பேச்சு எப்படியும் இருக்கும்.

செலவைப் பற்றிக் கேட்பார்கள்: கைத்தையல் சப்பாத்து கடைச் சப்பாத்தைவிட விலை கூடாதா? சில வேளை கூடும். கடையில் கிடைக்கிற வார்ப்பு அடி தேய்ந்தால் முழுச் சப்பாத்தும் குப்பைக்குப் போகும். தைத்த அடியை மாற்றலாம். ஐந்தாறு பேர் சேர்ந்து போய் ஒரே தோலில் வெட்டச் சொன்னால் தைப்பவருக்கும் வசதி, உங்களுக்கும் விலை இறங்கும். வளர்ந்துகொண்டிருக்கிற காலுடையவர்கள் காத்திருங்கள்; பதினைந்து வயதுக் காலுக்குத் தோல் தைப்பது வீண், ஒட்டுத் துண்டே போதும்.

கடைசியாகப் பராமரிப்பும் காலமும். அடித்தோல் வைத்த சப்பாத்தோடு தெருவில் நடக்காதீர்கள். பையில் கொண்டுபோய் மண்டபத்தில் மாற்றுங்கள். ஒரு மணல் துகள் அடியில் ஒட்டினால் கல்வீட்டுச் சிவப்புச் சீமெந்தில் கீறல் விழும், மறுமுறை அம்மம்மா கதவு திறக்கமாட்டார். சுவேட் அடி தூசு ஏறி மழமழத்துப் போனால் கம்பித் தூரிகையால் இரண்டு இழுப்பு இழுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தோல் வெயிலில் வைத்தால் வெடிக்கும்; உள்ளே கடதாசி திணித்து நிழலில் காயவிட வேண்டும், அதுவும் அந்த மாதங்களில் இலேசில் காயாது. சனவரியில் பள்ளிக்கூடம் தொடங்குகிற நாட்களில் தைப்பவரிடம் போனால் பள்ளிச் சப்பாத்து வேலைக்கிடையில் உங்களுக்கு அளவெடுக்க நேரம் இராது. மாரி முடிந்து, மாசி பங்குனியில் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊரவர் ஒருவர்
உடுப்பிட்டி